நாற்பதாயிரமா, ஏழாயிரமா? – எண்ணப்படாதவர்களின் கணக்கு

எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. பத்து வருஷம் துபாய். 2008-இல் இருந்து இடக்கொச்சி. டொராண்டோவிலும் லண்டனிலும் இருப்பவர்கள், "இதெல்லாம் ஒரு வெளியூரா?" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பக்கத்து வீட்டு மலையாளத்துக்கு நடுவே, நம் வீட்டுச் சண்டையை மட்டும் தமிழில் போட்டுக்கொண்டு வாழ்கிறவனுக்குத்தான் தெரியும், தூரம் என்பது கிலோமீட்டரில் இல்லை என்று.

தொழில், சரக்கு சர்வேயர். கப்பலில் வந்த சரக்கு நனைந்துவிட்டது, உடைந்துவிட்டது, குறைந்துவிட்டது என்று இன்சூரன்ஸுக்கு கிளெய்ம் வந்தால், போய்ப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு கிடங்கு. 40 மூட்டை மிளகு நனைந்துவிட்டது என்பார் வியாபாரி. 6 மூட்டைக்கு மேல் இருக்காது என்பார் கம்பெனிக்காரர். நான் போய் ஒவ்வொன்றாகக் கை வைத்துப் பார்த்தால் 27 வரும். இதில் இரண்டு பேருமே பொய்யர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். வியாபாரிக்கு ஒரு மூலையில் ஈரம் பட்டாலும் அது நனைந்த மூட்டை. கம்பெனிக்காரருக்குப் பூஞ்சை பிடித்தால்தான் நனைந்த மூட்டை. எண்ணுகிறதற்கு முன்னால், எதை எண்ணுகிறோம் என்று பேசி முடிக்க வேண்டும். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

இதை இங்கே ஏன் சொல்கிறேன் என்றால், மகள் எர்ணாகுளத்தில் கல்லூரியில் படிக்கிறாள். ட்ரோன் தாக்குதல்களில் இறந்தவர்கள் பற்றி மனித உரிமை அமைப்புகள் சொல்வதை நம்பலாமா என்று ஒரு கருத்தரங்கக் கட்டுரை எழுத வேண்டுமாம். வகுப்பில் ஒரு பையன், "அவர்கள் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்கிறவர்கள்" என்றானாம். இவளுக்குக் கோபம். வீட்டுக்கு வந்து கேட்டாள்.

"அப்பா, முள்ளிவாய்க்காலில் நாற்பதாயிரம் பேர் செத்தார்கள் என்று ஐநா சொன்னது உண்மைதானே? அதையும் எழுதட்டுமா?"

உடனே 'எழுது' என்று சொல்ல வாய் வரவில்லை. அதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது.

நான் அனுப்பிய படம்

2009 பிப்ரவரி. வன்னியில் நடப்பது நிமிஷத்துக்கு நிமிஷம் மின்னஞ்சலில் வந்துகொண்டிருந்தது. துபாயில் என்னோடு வேலை பார்த்த யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் அதற்குள் டொராண்டோ போய்விட்டார். அவருடைய அக்கா குடும்பம் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது. தினமும் பேசுவார், பேச்சு பாதியில் நின்றுவிடும். நான் பார்த்த படங்களையெல்லாம் அலுவலகத்தில் எல்லாருக்கும் அனுப்பினேன். அதில் ஒரு படம், ஒரு குழந்தையின் உடல். பார்த்து இரண்டு நாள் சாப்பிட முடியவில்லை.

மூன்றாம் நாள் ஒரு மலையாளி சக ஊழியர் என் மேசைக்கு வந்தார். நல்ல மனிதர். "சாரே, இந்தப் படம் இலங்கை இல்லை" என்று சொல்லி, வேறு ஒரு நாட்டில், வேறு ஒரு போரில் எடுத்தது என்று காட்டினார். உண்மைதான். நான் சரிபார்க்கவில்லை. மிளகு மூட்டைக்குக் காட்டும் அக்கறையை ஒரு குழந்தையின் பிணத்துக்கு நான் காட்டவில்லை.

அதன் பிறகு நான் அனுப்பிய எதையும் அவர் திறக்கவில்லை. அதில் பாதிக்கு மேல் உண்மை. ஒரு பொய்யான படம், பத்து உண்மையான படங்களின் வாயை அடைத்துவிட்டது. இந்தக் குறுகுறுப்பு இன்றுவரை போகவில்லை. அதனால்தான் மகளிடம், "முதலில் ட்ரோன் கணக்கைப் பார்ப்போம், பிறகு நம் கணக்குக்கு வருவோம்" என்றேன்.

அமெரிக்கக் கணக்கு

2016 ஜூலையில் அமெரிக்க அரசு முதல் தடவையாக ஒரு மொத்த எண்ணை வெளியிட்டது. 2009 ஜனவரி 20 முதல் 2015 கடைசி வரை, ஆப்கானிஸ்தான், ஈராக், சிரியா போன்ற நேரடிப் போர்க்களங்களுக்கு வெளியே 473 தாக்குதல்கள். இறந்த பொதுமக்கள் 64 முதல் 116 வரை. லண்டனில் இருக்கும் புலனாய்வுப் பத்திரிகையாளர் அமைப்பு ஒன்று (பீரோ ஆஃப் இன்வெஸ்டிகேட்டிவ் ஜர்னலிசம்) அதே காலத்துக்குச் சொன்ன எண் 380 முதல் 801 வரை. ஒரே தாக்குதல்கள், ஒரே பிணங்கள், கிட்டத்தட்ட ஆறு மடங்கு வித்தியாசம்.

காரணம்? மறுபடியும் மூட்டைக் கதைதான். 2012 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்தி போட்டது: தாக்கிய இடத்தில் இருந்த, சண்டை போடும் வயதுள்ள ஆண்கள் எல்லாரையும், அப்பாவி என்று பிறகு தனியாக நிரூபணம் வந்தால் ஒழிய, போராளிகள் கணக்கிலேயே சேர்க்கிறார்கள் என்று. அப்படிப் பிரித்தால் பொதுமக்கள் எண் குறையாமல் என்ன செய்யும்?

அம்னெஸ்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 2013 அக்டோபரில் பாகிஸ்தானின் வடக்கு வசீரிஸ்தான் பற்றி அறிக்கை போட்டார்கள். முந்தைய ஒன்றரை வருஷத்தில் நடந்ததாகச் சொல்லப்பட்ட 45 தாக்குதல்களைப் பார்த்து, அதில் 9-ஐ மட்டும் ஆழமாக விசாரித்தார்கள். வயலில் காய் பறித்துக்கொண்டிருந்த 68 வயதுப் பாட்டி கொல்லப்பட்டது அதில் ஒன்று. இதைப் படிக்கும்போது இரண்டை நினைவில் வைக்க வேண்டும். அந்த 9-இல் அவர்கள் சொல்வது கனமான சாட்சியம். ஆனால் அந்த 9-ஐ வைத்து மீதி 36-ம் இப்படித்தான் என்று நாம் பெருக்கக் கூடாது. பெருக்கியது பெரும்பாலும் அம்னெஸ்டி இல்லை, அதை மேற்கோள் காட்டியவர்கள்.

அரசாங்கத்தின் 'உயரத்தில் இருந்து பார்த்தோம், எல்லாம் தெரிந்தது' என்ற வாதத்துக்கு 2021 ஆகஸ்ட் 29 பதில் சொல்லும். காபூலில் ஒரு வெள்ளைக் காரை மணிக்கணக்காக ட்ரோனில் பின்தொடர்ந்து, வெடிகுண்டு ஏற்றுகிறான் என்று முடிவு கட்டி அடித்தார்கள். செத்தது 10 பொதுமக்கள், அதில் 7 குழந்தைகள். ஓட்டியவர் ஒரு தொண்டு நிறுவன ஊழியர். பத்திரிகைகள் தரையில் போய் விசாரித்த பிறகு, செப்டம்பர் 17-இல் தவறுதான் என்று பென்டகன் ஒத்துக்கொண்டது. மேலிருந்து பார்க்கும் கண்ணுக்குக் கார் தெரியும், ஆள் தெரியும். யார் என்று தெரியாது. அது தரையில்தான் தெரியும்.

வண்டு

இந்த ட்ரோன் நமக்குப் புதுசு இல்லை. அமெரிக்கத் தாக்குதல்கள் உலகத்துக்குப் பேச்சாவதற்கு முன்பே வன்னிச் சனங்களுக்கு அதன் சத்தம் பழக்கம். 'வண்டு' என்று சொல்வார்கள். இலங்கை விமானப்படையின் ஆளில்லா வேவு விமானம். அது குண்டு போடாது, பார்க்கும். அது பார்த்துவிட்டுப் போனால் பின்னாலேயே கிபிரோ செல்லோ வரும் என்பது அவர்கள் அனுபவம்.

ஆனால் நம் வரலாற்றில் ஆகாயத்தில் இருந்து வந்த சாவையும் அதன் எண்ணையும் பற்றிய சண்டை, வண்டுக்கும் முந்தியது. 1995 ஜூலை 9, நவாலி. ராணுவம் முன்னேறிப் பாய்ந்த முதல் நாள். இடம்பெயர்ந்த சனம் புனித பேதுரு தேவாலயத்திலும் சுற்றுப்புறத்திலும் ஒதுங்கியிருந்தது. விமானக் குண்டுவீச்சு. செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு இரண்டு நாளில் அறிக்கை விட்டது: 65 பேர் இறப்பு, 150 பேர் காயம், இன்னும் பல உடல்கள் இடிபாட்டுக்குள் இருக்கின்றன. எங்களைக் கேட்காமல் எப்படி வெளியில் சொல்லலாம் என்று அரசாங்கத்துக்குக் கோபம். பிறகு உடல்களை எடுக்க எடுக்க எண் 120-ஐத் தாண்டியது.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த முதல் அறிக்கை எழுதப்பட்ட விதம். பார்த்ததைப் பார்த்ததாகவும், மற்றவர் சொன்னதைச் சாட்சிகள் சொன்னதாகவும், தெரியாததை இன்னும் இடிபாட்டில் இருப்பதாகவும் பிரித்து எழுதினார்கள். எண் கூடியபோது அந்த அறிக்கை பொய்யாகவில்லை. நல்ல சர்வே ரிப்போர்ட் இப்படித்தான் இருக்கும்.

செஞ்சோலை

2006 ஆகஸ்ட் 14. முல்லைத்தீவு மாவட்டம் வள்ளிபுனம். செஞ்சோலை வளாகத்தின் மீது கிபிர் குண்டுவீச்சு. அன்று நம் காதுக்கு வந்தது: அநாதை இல்லத்தில் 61 சிறுமிகள் பலி. அரசாங்கம் சொன்னது: அது புலிகளின் பயிற்சி முகாம், நெடுநாளாக ஆகாயத்தில் இருந்து கண்காணித்தோம். படமும் காட்டினார்கள்.

இரண்டு கிளெய்ம். இரண்டையும் மேசையில் வைத்துப் பார்ப்போம்.

'அநாதை இல்லம்' சரியில்லை. செஞ்சோலை என்ற பெயர் அநாதைப் பிள்ளைகள் இல்லத்தின் பெயர்தான். ஆனால் அன்று அங்கே இருந்தவர்கள் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பள்ளிகளில் இருந்து முதலுதவிப் பயிற்சிக்கு வந்திருந்த உயர்தர வகுப்பு மாணவிகள். யுனிசெஃப் அன்றே சொன்னது, 16 முதல் 19 வயது வரையிலான பிள்ளைகள் என்று.

'61' சரியில்லை. போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவினர் போனபோது கண்ணால் பார்த்து எண்ணியது 19 உடல்கள். உடனே அரசுத் தரப்பில், பார்த்தீர்களா பொய் என்றார்கள். ஆனால் 19 என்பது அந்த நேரத்தில், அந்த இடத்தில் கண்ட எண். மற்ற உடல்கள் மருத்துவமனைக்கும் வீடுகளுக்கும் போயிருந்தன. பெயர், பள்ளி, ஊர் வாரியாகப் பட்டியல் எடுத்த பிறகு எண் 50-ஐச் சற்றுத் தாண்டி நின்றது. இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறு. பின்னால் இலங்கை அரசு தானே நியமித்த ஜனாதிபதி ஆணைக்குழுவுக்கு விசாரிக்கக் கொடுத்த சம்பவப் பட்டியலில், செஞ்சோலை என்று குறிப்பிட்டு எழுதிய எண் 51. ஆக 61-ம் இல்லை, 19-ம் இல்லை.

'பயிற்சி முகாம்' சரியா? கண்காணிப்புக் குழுத் தலைவர், ராணுவ நிலையோ ஆயுதமோ அங்கே இருந்ததற்கு அடையாளம் காணவில்லை என்றார். மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பு (யாழ்ப்பாணம்) புலிகளுக்கு வேண்டியவர்கள் இல்லை. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ராஜனி திராணகம 1989 செப்டம்பரில் கொல்லப்பட்டார். அந்தக் கொலைக்கு அவர்கள் புலிகளைத்தான் குற்றம் சொல்கிறார்கள். மீதிப் பேர் யாழ்ப்பாணத்தை விட்டு மறைந்து வாழ வேண்டியிருந்தது. அவர்களே, அந்தப் பிள்ளைகளைப் புலிகள் கூட்டி வைத்ததன் நோக்கத்தைக் கேள்வி கேட்டுக்கொண்டே, இறந்தவர்கள் போராளிகள் இல்லை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று எழுதினார்கள். எதிர்த்தரப்புச் சாட்சி நம் பக்கம் உண்மை சொன்னால் அதற்குத் தனி எடை.

ஆணைக்குழுவைப் பார்வையிட சர்வதேசப் பிரமுகர் குழு ஒன்று போட்டார்கள். தலைவர் நம் நாட்டின் முன்னாள் தலைமை நீதிபதி பகவதி. விசாரணை சர்வதேசத் தரத்தில் இல்லை என்று சொல்லி 2008-இல் அந்தக் குழு விலகியது. ஆணைக்குழு அறிக்கை பல வருஷம் பூட்டிக் கிடந்து, 2015 அக்டோபரில்தான் நாடாளுமன்றத்துக்கு வந்தது.

நம் தரப்பு முதல் நாளே 'பள்ளிக்கூடப் பிள்ளைகள்' என்று மட்டும் சொல்லியிருந்தால் போதாதா? 51 போதாதா? 61 ஆக்கியதாலும் 'அநாதை இல்லம்' என்றதாலும் மறுக்க இடம் கிடைத்தது. என் மேசைக்கு வந்த அந்த மலையாளி நண்பர் நினைவுக்கு வருகிறார்.

முள்ளிவாய்க்கால்

இப்போது மகளின் கேள்வி. இதில் நாலைந்து எண் இருக்கிறது. ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் ஒன்றோடு ஒன்றை மோதவிடக் கூடாது.

முதலில், உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள்? 2008 செப்டம்பரில் அரசு சொல்லி ஐநா அலுவலகங்கள் வன்னியை விட்டு வெளியேறின. பார்க்க வெளிக் கண் இல்லை. 2009 தொடக்கத்தில் உள்ளே சுமார் 70,000 பேர்தான் என்றது அரசு. இரண்டரை லட்சத்துக்குக் குறையாது என்றது ஐநா. முல்லைத்தீவு அரசாங்க அதிபர் அதற்கும் மேலே சொன்னார். யார் சரி? இதற்கு மனித உரிமை அமைப்பு எதுவும் தேவையில்லை. ஏப்ரல் 20-ஐ ஒட்டிய சில நாட்களில் மட்டும் ஒரு லட்சம் பேர் வெளியே வந்தார்கள். முடிவில் மெனிக் பாம் முதலான முகாம்களில் அரசே பதிந்த எண் 2,80,000-ஐத் தாண்டியது. 70,000 என்ற கிளெய்ம் அரசின் சொந்த முகாம் கேட்டிலேயே செத்துப்போனது. அந்த 70,000-ஐ வைத்துத்தான் உணவும் மருந்தும் உள்ளே போனது என்பதை மறக்க வேண்டாம். தப்பான எண்ணும் ஆளைக் கொல்லும்.

இரண்டாவது எண் 7,721. கொழும்பில் இருந்த ஐநா அலுவலகம் 2008 ஆகஸ்ட் முதல் 2009 மே 13 வரை சேர்த்த இறப்புகள் இவை. காயம் 18,479. இதைக் கண்டபடி சேர்க்கவில்லை. ஜனவரியில் உணவு லாரிகளோடு உள்ளே போய் மாட்டிக்கொண்ட ஐநா ஊழியர்கள் நேரில் கண்டதை அடிப்படையாக வைத்து, மருத்துவர்கள், பாதிரியார்கள், உள்ளூர் தொண்டு ஊழியர்கள் சொன்னதை ஒன்றோடு ஒன்று சரிபார்த்துச் சேர்த்தது. (அந்த ஊழியர்கள் தங்கியிருந்த சுதந்திரபுரம் இடத்தின் ஆயத்தொலைவுகளை ராணுவத்துக்குச் சொல்லியும், ஜனவரி 24 விடியற்காலை செல் விழுந்தது. சுமார் 500 மீட்டர் தள்ளி இருந்து புலிகளும் சுட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதையும் ஐநா நிபுணர் குழு எழுதியிருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.)

7,721 என்பது மொத்தம் இல்லை. சரிபார்க்க முடிந்தது அவ்வளவு. பங்கருக்குள்ளேயே புதைந்தவர்கள், மருத்துவமனைக்கு வராமல் செத்தவர்கள் பலர் அதில் இல்லை. மே 13-க்குப் பிறகு வந்த அந்தக் கடைசி நாட்கள் இல்லவே இல்லை. ஆகவே இது தரை. கூரை இல்லை. இந்த எண்ணையும் ஐநா அன்று வெளியே சொல்லவில்லை என்பது தனி வெட்கம். மனித உரிமை ஆணையர் நவி பிள்ளை மட்டும் மார்ச் நடுவில் 2,800-க்கும் மேல் என்று துணிந்து சொன்னார். மௌனமாக இருந்தது பெரும் தவறு என்று 2012-இல் ஐநாவின் உள் ஆய்வு அறிக்கையே எழுதியது.

மூன்றாவது, 40,000. 2011 ஏப்ரலில் வெளியான தாருஸ்மன் குழு அறிக்கை. இதை 'ஐநா 40,000 பேர் செத்ததாகச் சொன்னது' என்று நாம் எல்லாரும் எழுதினோம், நானும்தான். அறிக்கை சொன்னது அது இல்லை. 40,000 வரை போகக்கூடும் என்பதைத் தள்ளிவிட முடியாது, சரியான எண்ணுக்கு முறையான விசாரணை வேண்டும் என்பதுதான் அதன் சாரம். அந்தக் குழுவை இலங்கைக்குள்ளேயே விடவில்லை. தாங்கள் தீர்ப்புச் சொல்லவில்லை, நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் இருக்கின்றனவா என்றே பார்க்கிறோம் என்றும் எழுதியிருக்கிறார்கள். 'தள்ளிவிட முடியாது' என்பதை 'நடந்தது' என்று எழுதுவது, 'பூஞ்சை வரலாம்' என்பதை 'பூஞ்சை வந்துவிட்டது' என்று நான் ரிப்போர்ட்டில் எழுதுவது மாதிரி. லைசென்ஸ் போய்விடும்!

2015-இல் அரசு நியமித்த பரணகம ஆணைக்குழு 40,000-க்கு ஆதாரம் போதாது என்று மறுத்தது. அதே ஆணைக்குழு, சானல் 4 காட்டிய கொலைக் காட்சிகளை நீதிபதி தலைமையில் விசாரிக்க வேண்டும் என்றும் சொன்னது. முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுகிறவர்களைப் பார்த்தால் இரண்டாம் பாதியையும் கேளுங்கள்.

நாலாவது, 1,46,679. இது மன்னார் ஆயர் ராயப்பு யோசேப்பு 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழு முன் வைத்தது. 2008 அக்டோபரில் கச்சேரிக் கணக்குப்படி கிளிநொச்சி, முல்லைத்தீவு மக்கள் தொகை 4,29,059. அரசு கட்டுப்பாட்டுக்குள் வந்தவர்கள் 2,82,380. மீதி 1,46,679.

எங்கள் தொழிலில் இதற்கு டிராஃப்ட் சர்வே என்று பெயர். நிலக்கரியை யார் எடை போடுவது? கப்பல் தண்ணீரில் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று முன்னும் பின்னும் அளந்து, கழித்துச் சரக்கைக் கண்டுபிடிப்போம். நல்ல முறைதான். ஆனால் முதல் அளவில் பிழை இருந்தால் அவ்வளவு பிழையும் அப்படியே விடையில் உட்கார்ந்துகொள்ளும். பொருளாதாரத் தடைக்குள் இருந்த ஊரில், உணவுக்காக ஆள் எண்ணிக்கையைக் கூட்டி எழுதியிருக்கலாம் என்ற வாதத்தை ஒதுக்க முடியாது. இடையில் வேறு வழியில் போனவர்களும், ஆயுதம் ஏந்திச் செத்தவர்களும் அந்த மீதிக்குள் இருப்பார்கள். ஆயர் கெட்டிக்காரர். இத்தனை பேரும் கொல்லப்பட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. இவர்கள் எங்கே என்றுதான் கேட்டார். எண்ணை நாம் 'இனப்படுகொலைத் தொகை' ஆக்கினோம். கேள்வியைத் தொலைத்தோம். 2021-இல் அவர் காலமாகும்வரை அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை.

நமக்குப் பிடித்த அறிக்கை, பிடிக்காத அறிக்கை

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2004-இல் புலிகளின் குழந்தைப் போராளிகள் பற்றியும், 2006 மார்ச்சில் புலம்பெயர்ந்த தமிழர்களிடம் மிரட்டிப் பணம் வாங்குவது பற்றியும் அறிக்கை போட்டபோது, நம்மில் பலர் அவர்களைச் சிங்கள அரசின் கைக்கூலி என்றோம். கொழும்பு கைதட்டியது. 2009 பிப்ரவரியில் வன்னி மக்கள் மீதான தாக்குதல் பற்றி அதே அமைப்பு எழுதியதும், நாம் கைதட்டினோம், கொழும்பு அவர்களைப் புலிகளின் கைக்கூலி என்றது. அமைப்பு மாறவில்லை, கைகள்தான் மாறின.

அந்த அறிக்கைகளில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. உள்ளே போக விடாத இடத்தைப் பற்றித் தொலைபேசியிலும் தப்பி வந்தவர்களிடமும் கேட்டு எழுதும்போது, சொல்கிறவர் யாருக்குப் பயப்படுகிறார் என்பது முக்கியம். உள்ளே இருந்தபோது புலிகளுக்குப் பயம், முகாமில் ராணுவத்துக்குப் பயம். வன்னி அரசு மருத்துவர்கள் உள்ளே இருந்தபோது சொன்ன எண்களை, மே மாதம் கைதாகி, ஜூலையில் பத்திரிகையாளர் முன்னால் நிறுத்தப்பட்டபோது மறுத்து, சில நூறுதான் என்றார்கள். எந்தச் சாட்சியத்துக்கு எடை கூட? காவலில் இருக்கிறவன் வாக்குமூலத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது மனித உரிமைப் பாடம் மட்டுமில்லை, சாட்சியத்தை எடை போடுகிற யாருக்கும் பாலபாடம்.

மற்றொரு சிக்கல், நேற்று பிடித்துக்கொண்டு போய், துவக்கைக் கையில் கொடுத்து, இன்று செத்த 16 வயதுப் பிள்ளை பொதுமகனா, போராளியா? இதை எந்த எண்ணில் சேர்ப்பது? அமெரிக்காக்காரன் வசீரிஸ்தானில் செய்த தந்திரத்தை நாம் எதிர்ப்பக்கமாகச் செய்யக் கூடாது. தனிப் பத்தியாக எழுத வேண்டும், தனி வேதனையாக.

மீனை எண்ணுவது

"அப்போ உண்மையான எண் கிடைக்கவே கிடைக்காதா அப்பா?" என்றாள் மகள்.

ஓரளவுக்குக் கிடைக்கும் என்றேன். இடக்கொச்சிக் காயலில் எத்தனை கரிமீன் இருக்கிறது என்று எப்படி எண்ணுவது? 100 மீன் பிடித்து, துடுப்பில் அடையாளம் போட்டு விட்டுவிடு. சில நாள் கழித்து மறுபடியும் 100 பிடி. அதில் 10 மீனுக்கு அடையாளம் இருந்தால், காயலில் சுமார் 1,000 மீன் இருக்கிறது. 50-க்கு அடையாளம் இருந்தால் 200தான்.

இறந்தவர்களின், காணாமல் போனவர்களின் பெயர்ப் பட்டியல்களுக்கும் இதே கணக்கு. வெவ்வேறு அமைப்புகள் தனித்தனியாக எடுத்த பட்டியல்களில் எத்தனை பெயர் பொதுவாக வருகிறது என்று பார்த்து, எதிலும் வராதவர்களை மதிப்பிடலாம். பெரு நாட்டு உண்மை ஆணைக்குழு 2003-இல் இப்படித்தான் 69,280 என்ற எண்ணுக்கு வந்தது. நம் விஷயத்திலும் 2018-இல் ஒரு முயற்சி நடந்தது. 2009 மே 17 முதல் 19 வரை ராணுவத்திடம் சரணடைந்து காணாமல் போனவர்களின் பட்டியல்களை ஒப்பிட்டு, சுமார் 500 பேர் என்று மதிப்பிட்டார்கள். சின்ன எண்தான். ஆனால் அசைக்கக் கடினமான எண். ஒரு போர்முனையில், மூன்று நாளில், கையில் வந்த 500 பேர்.

இதற்கு வேண்டியது பெயர்கள். சரியான பெயர்கள். நம் ஆட்களின் பெயரை ஆங்கிலத்தில் ஆறு விதமாக எழுதுவோம், அப்பா பெயர் ஒரு இடத்தில் முன்னால், ஒரு இடத்தில் பின்னால். ஒரே ஆள் மூன்று ஆளாகிவிடுவார், அல்லது மூன்று பேர் ஒருவராகிவிடுவார்கள். பெயர், தகப்பன் பெயர், ஊர், பிறந்த வருஷம், கடைசியாகப் பார்த்த இடம், தேதி. இதைக் குடும்பங்களால்தான் தர முடியும்.

அக்கா

போன வருஷம் டொராண்டோ நண்பரோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது, கிளிநொச்சியில் இருந்து அவருடைய அக்காவும் சேர்ந்துகொண்டார். மூத்த மகன் மே மாதத்துக்குப் பிறகு வரவில்லை. கிளிநொச்சியில் 2017 பிப்ரவரியில் தொடங்கிய காணாமல் போனோர் குடும்பங்களின் போராட்டத்தில் கொட்டகையில் உட்கார்ந்தவர். நான் வாய் சும்மா இருக்காமல் 7,721, 40,000 என்று தம்பியிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, உங்கட கணக்குக்குள்ள என்ர பிள்ளை நிக்கிறானோ?"

எனக்குப் பதில் தெரியவில்லை. 7,721-க்குள் அவன் இல்லை, அது மே 13-ஓடு முடிந்துவிட்டது. 40,000-க்குள் அவனுக்குப் பெயர் கிடையாது. அவர் ஒரு ஆணைக்குழுவுக்கும், பிறகு ஒரு அலுவலகத்துக்கும் மனு கொடுத்திருக்கிறார். ஒன்றில் மகன் பெயரில் ஒரு எழுத்து பிழையாம். திருத்தச் சொல்லி மூன்று தடவை போயிருக்கிறார்.

கணக்கைச் சரிபார் என்று சொல்வது, செத்தவர்களைச் சந்தேகப்படுவது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நானும் நினைத்தேன். அந்த அக்கா ஒரு எழுத்துக்காக மூன்று தடவை பஸ் ஏறியிருக்கிறார். அவரைவிட கறாரான சர்வேயரை நான் பார்த்ததில்லை. பிள்ளை எண்ணுக்குள் சரியாக நிற்க வேண்டும் என்பதுதான் அவருக்கு வேண்டியது. எண் பெரிதாக வேண்டும் என்பது இல்லை.

மகள் கட்டுரையை முடித்துவிட்டாள். நாற்பதாயிரம் என்ற எண் அதில் இருக்கிறது. 'வரை', 'தள்ளிவிட முடியாது' என்ற சொற்களோடு. பக்கத்திலேயே 7,721, அது தரைக் கணக்கு என்ற குறிப்போடு. 70,000 பேர்தான் உள்ளே என்ற அரசுக் கணக்கும், அது எப்படிச் செத்தது என்பதும். வகுப்பில் அந்தப் பையன் இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லையாம்.

உங்கள் வீட்டிலும், உறவிலும், யாராவது இருந்தால், பெயரை, தகப்பன் பெயரை, ஊரை, தேதியை ஒரு தாளில் தமிழிலேயே சரியாக எழுதி வையுங்கள். பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். நண்பரிடம் சொல்லி, அக்காவின் மகனுக்கு அப்படி ஒரு தாள் எழுதி வாங்கி வைத்திருக்கிறேன். அதில் எழுத்துப் பிழை இல்லை. இரண்டு தடவை சரிபார்த்தேன்.